ஒட்டும் பக்கம்

இலோயிலோ
பிப்ரவரி 9, 1993

அன்புள்ள மனோங் நாத்தோவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. அங்கே தீவில் காற்று தணிந்ததா? சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். கூடவே, "சாப்பிடுறேன்னுதான் எழுதுவான், நம்பாத" என்றும் சொன்னாள். அதனால் அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

என் படிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. குற்றவியலில் மூன்றாம் வருஷம் முடியப்போகிறது. தெருவில் இன்னும் என்னைப் பார்த்தால், "ஏய், கோழியை மறைச்சு வைங்கடா, போலீஸ் வருது" என்கிறார்கள். போலீஸ் வேலைக்கு நான் இரண்டு விரற்கடை குள்ளம் என்பது அவர்களுக்கும் தெரியும். அம்மா மாமரக் கிளையைக் காட்டி, "தினம் தொங்கு, நீளுவ" என்கிறாள். தொங்குகிறேன். கிளைதான் நீளுகிறது.

மனோங், எழுத வந்தது வேறு. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் மாமரம் வரைக்கும் போய்வந்தேன்.

உங்களிடம் திரும்பி வந்துகொண்டிருந்த பெர்லா அக்காவோடு அந்தக் கப்பல் மூழ்கிப்போய் மூன்று மாதம் ஆகிறது. பல நாள் கழித்து சான் ரோக்கே கரையில் ஒதுங்கியவர்களில் முப்பத்தொரு பேரை யாரென்று தெரியாமலே அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எண் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அடையாளம் பார்க்கப் போன அன்று நீங்கள் வாசலோடு நின்றுவிட்டீர்கள். நானும் அம்மாவும் உள்ளே போனோம், எங்களாலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் புதைக்கும் முன்னால் முடிந்தவரை எல்லோருக்கும் விரல்ரேகை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து எனக்குப் பயிற்சி இங்குள்ள தடய ஆய்வகத்தில், கைரேகைப் பிரிவில். அந்த ரேகைகளும் அங்கேதான் இருக்கின்றன, அதனால் கேட்டு வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க அக்காவின் ரேகை வேண்டும். அக்கா எந்த ஆபீசிலும் மையில் விரல் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் தொட்டதையெல்லாம் அம்மா கழுவித் துடைத்து எடுத்து வைத்துவிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் அவள் புழங்கியது உங்கள் வீட்டில்தான்.

வழவழப்பான பொருள் எதுவானாலும் போதும். கண்ணாடி, பாட்டில், பீங்கான். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, அட்டைப்பெட்டியில் ஆடாமல் வைத்து, அஞ்சல் படகில் அனுப்புங்கள்.

அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் வேண்டும், மனோங். வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனி,
தோரா


லுபாக் தீவு, வானிலை நிலையம்
மார்ச் 2

அன்பான இந்தாய் தோராவுக்கு,

கடிதம் போன படகில் வந்தது. நான் நலம். அம்மாவை இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில் கலமான்சி எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொல். காற்று வடகிழக்கு, தணிந்துவருகிறது.

இங்கே வேலை அதேதான். காலையில் பலூன் விடுகிறோம். அதன் அடியில் தொங்கும் பெட்டி, மேலே உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் சொல்லிக்கொண்டே போகும். நான் கீழே உட்கார்ந்து அதன் குரலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் வெகுதூரம் கடலுக்கு மேலே போய்விடும். மெல்லிய சத்தமாக, யாரோ அடுத்த அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருக்கும். அப்புறம் நின்றுவிடும். ஹெட்போனைக் கழற்ற எனக்கு மனம் வருவதில்லை.

பக்கத்து வீட்டு மனாங் பியா மீன் வறுத்துக் கொண்டுவருகிறாள். "தின்னு. நீ இளைச்சுக் கெடந்தா உன் பொண்டாட்டி வந்து என்னைத்தான் வைவா" என்கிறாள். அவள் புருஷன் அம்போவும் அதே கப்பலில்தான் வந்தான். அவனைப் பற்றிக் கேட்டால், "அந்த ஆளு எங்கயாவது சேவச்சண்டையில குந்தியிருப்பான். கையில உள்ளது தீந்தா தானா வருவான்" என்பாள். நானும் ஆமாம் என்பேன். நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

மாமரத்தில் தொங்குவதால் எலும்பு நீளாது. அதற்கு வாய்ப்பில்லை.

பெர்லாவின் பொருள்கள் இருக்கின்றன. பார்க்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நாத்தோ


இலோயிலோ
ஏப்ரல் 13

அன்புள்ள மனோங்,

நாங்கள் நலம். இஞ்சி வேலை செய்தது. அம்மாவின் இருமல் போய், இப்போது திட்டுவதற்கு மூச்சு நன்றாக வருகிறது.

புனித வெள்ளியன்று இங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பாவின் கல்லைத் துடைத்துவிட்டு அம்மா நடுவில் உள்ள பெரிய சிலுவைக்குப் போனாள். வேறு எங்கோ கிடக்கும் சொந்தங்களுக்கு எல்லோரும் அங்கேதானே ஏற்றுவார்கள். அந்தச் சிலுவையடியில் மெழுகு உருகி ஒன்றோடொன்று கலந்து ஒரே கட்டியாகக் கிடந்தது. அம்மா மெழுகுவத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏற்றாமலே பையில் போட்டுக்கொண்டாள். "இவ்வளவு கூட்டத்துல என் மகளுக்கு எது தன்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

எங்கள் வகுப்பில் அடுத்தது என்ன என்று இப்போதே பேச்சு. பெஞ்சாமின் தீயணைப்புக்குப் போகிறானாம். நெருப்புக் குச்சி உரசவே பயப்படுவான் அவன். ரோவில் என்கிற பையன் சிறைக் காவலுக்கு. இரண்டு பேர் மணிலாவில் பெரிய கடையில் திருட்டைப் பிடிக்க, மாறுவேஷத்தில் தள்ளுவண்டி தள்ளுவார்களாம். நீ என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டார்கள். தெரியவில்லை. அம்மா சிறைத்துறை என்கிறாள், அங்கே உயரம் கொஞ்சம் தாராளம் என்று யாரோ சொன்னார்களாம்.

மனோங், பெட்டி எதுவும் வரவில்லை. படகில் தவறிவிட்டதா? தவறவில்லை என்றாலும் பரவாயில்லை. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

நேரத்துக்குத் தூங்குங்கள்.

தோரா


லுபாக் தீவு
மே 18

இந்தாய் தோராவுக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்தேன். இங்கே வெயில். தண்ணீர்த் தொட்டி பாதிக்கும் கீழே. நான் சாப்பிடுகிறேன், பியா சாட்சி.

இத்துடன் பெர்லாவின் கைக்கண்ணாடி. கவனமாகப் பொதிந்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். மத்தியானம் கண் அசரும்போது அவள் வருகிறாள். ஊருக்குப் போயிருந்தபோது ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாள் அல்லவா, அந்தத் திரை நனைந்துபோயிருக்கிறது. பிழிய வேண்டும் என்கிறாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன், மறுமுனையை அவள். முறுக்க முறுக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. நீளமான திரை. அவள் முனை எங்கேயோ பனிமூட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் இழுப்பு தெரிகிறது, அந்தப் பக்கம் கை இருப்பது தெரிகிறது. எழுந்தால் என் உள்ளங்கை வலிக்கிறது.

இதில் பயமொன்றும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

அவள் நன்றாக நீந்துவாள், தெரியும்தானே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

நாத்தோ


இலோயிலோ
ஜூன் 29

அன்புள்ள மனோங்,

நாங்கள் சௌக்கியம். மழை தொடங்கிவிட்டது. அங்கே தொட்டி நிறைந்ததா?

ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டேன். எனக்கு மேலே சார்ஜென்ட் சுமகைசாய். வயிறு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். முதல் நாளே, "பொண்ணே, ரேகை பாக்குறவளுக்கு உசரம் எதுக்கு? குனிஞ்சே இருக்கப்போற. நீ பொறந்ததே இந்த வேலைக்குத்தான்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அன்று முதல் மாமரத்துக்கு விடுமுறை.

கண்ணாடி பத்திரமாக வந்தது. கரும்பொடி தூவி, அணில் முடித் தூரிகையால் நானே தடவினேன். பக்கத்தில் சார்ஜென்ட் நின்றார். முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி, எதிலும் ஒன்றும் எழும்பவில்லை. "ரொம்பச் சுத்தக்கார வீடு போல" என்றார். நான் ஆமாம் என்றேன். சில வீடுகளில் அப்படித்தான். தினமும் துடைப்பார்கள். அனுப்பியதற்கு நன்றி, மனோங். கண்ணாடியை நானே வைத்துக்கொள்ளட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா?

வேறு ஒரு விஷயம், சும்மா கேளுங்கள். போன வாரம் ஒரு கொள்ளை வழக்கு. கடைக்காரர் வாயில் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த டேப்பை சார்ஜென்ட் ஊதா மருந்தில் முக்கினார், வாய்ப்புண்ணுக்குத் தடவுவோமே அதேதான். பிறகு குழாயடியில் அலசினார். ஒட்டும் பக்கத்தில் ஒரு விரல், கோடு கோடாக, ஊதா நிறத்தில், பூ மலர்வது போல எழுந்து வந்தது. "மேலே உள்ளதைத்தான் மனுஷன் துடைப்பான். ஒட்டும் பக்கத்தை எவன் துடைக்கிறான்? வருஷக் கணக்கா அப்படியே இருக்கும்" என்றார் சார்ஜென்ட்.

அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா, மனோங்?

அம்மாவின் ஆசிகள்.

தோரா


லுபாக் தீவு
ஆகஸ்ட் 24

இந்தாய் தோராவுக்கு,

இரண்டு புயல், ஒன்றன் பின் ஒன்றாக. ஆறு வாரம் படகு இல்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். நான் நலம். கூரையில் ஒரு தகடு பறந்தது, மாற்றிவிட்டோம். பியாவின் சமையற்கட்டு சாய்ந்துவிட்டது. நிமிர்த்திக் கொடுத்தேன். "அம்போ வந்து பாத்தா, எவன்டா என் வீட்டுல ஆணி அடிச்சதுன்னு சண்டைக்கு வருவான்" என்றாள். "வரட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கண்ணாடியை நீயே வைத்துக்கொள்.

நீ ரேகை படிக்கிறாய், நான் சமிக்ஞை படிக்கிறேன். என் தொழிலில் உள்ள ஒரு முறையைச் சொல்கிறேன். பலூன் பெட்டியின் குரல் நின்றுவிட்டால், அது விழுந்துவிட்டது என்று நாங்கள் எழுதமாட்டோம். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. "சமிக்ஞை நின்றது" என்றுதான் எழுதுவோம். பெட்டி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம். மேகம் மறைத்திருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது பொய் இல்லை. அதுதான் சரியான பதிவு.

ஒன்பது மாதமாக நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதில் என்ன தப்பு?

டேப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

அம்மாவின் உடம்பு எப்படி என்று எழுது.

நாத்தோ


இலோயிலோ
செப்டம்பர் 7

மனோங் நாத்தோவுக்கு,

அம்மா சுகமாக இல்லை. இருமல் திரும்பிவிட்டது. மற்றதெல்லாம் நலம் என்று எழுத எனக்கு வரவில்லை.

சான் ரோக்கே ஊராட்சியிலிருந்து தாள் வந்திருக்கிறது. எண் போட்ட கல்லறைகள் இருக்கும் ஓரம் வேறு வேலைக்கு வேண்டுமாம். நவம்பரில் இறந்தோர் திருநாள் முடிந்ததும் முப்பத்தொரு பேரின் எலும்பையும் எடுத்து ஒரே தொட்டியில் போட்டு, மேலே ஒரு கல் வைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு என் சார்ஜென்ட் இல்லை, அவர் தாத்தாவே வந்தாலும் யார் எந்த எலும்பு என்று பிரிக்க முடியாது. அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "சிலுவையடியில பாத்தேனே அந்த மெழுகுக் கட்டி, அது மாதிரி ஆயிடுவா."

நீங்கள் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்கள், மனோங். வட்டம் வட்டமாக, ரேடியோ முனைகளைத் துடைப்பீர்களே அப்படி. பொடி தூவியதும் முதலில் எழும்பியது அந்த வட்டங்கள்தான். நான் பார்த்தேன், சார்ஜென்ட்டும் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் எழுதவில்லை. திட்டுவதற்கு எழுதவில்லை இப்போதும்.

உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் வேண்டும் என்றால் எனக்குப் புரிகிறது. எனக்கும் சில நாள் அதுதான் வேண்டும். பஸ்ஸில் யாராவது அக்கா மாதிரி கொண்டை போட்டிருந்தால், அவள் திரும்பாமல் இருக்கவேண்டுமே என்று நினைத்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து போவேன். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிடுவேன்.

ஆனால் நவம்பருக்கு அப்புறம் தெரியாது என்பது நாமாக வைத்துக்கொள்வது அல்ல. அவர்கள் நமக்கு சிமென்ட் ஊற்றிப் பூசிவிடுவது.

பெர்லா அக்கா உங்களுக்கு மனைவி. எங்களுக்கும் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

தோரா


லுபாக் தீவு
செப்டம்பர் 25

அன்பான இந்தாய்,

அம்மாவைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டு. நான் நலமாக இருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. மழை இல்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது.

எங்கள் அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. போன வருஷம் அதன் ஒயர் ஓர் இடத்தில் பிய்ந்துவிட்டது. நான் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், பெர்லா தரையில் உட்கார்ந்து அதற்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கறுப்பு டேப்பை விட்டுவிட்டு வெள்ளை டேப்பை எடுத்திருந்தாள். கறுப்பு சாவு வீடு மாதிரி இருக்கிறதாம்.

"அதை இப்படிச் சுத்தக் கூடாது. குடு இங்க" என்றேன்.

"போய்யா பெரிய டெக்னீஷியன். மூணு வாரமா பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னு சொன்ன. நான் சுத்துனா காத்து வராதா?"

"காத்து வரும். ஷாக்கும் வரும்."

"வந்தா சாவுறேன். நீ இன்னொருத்தியக் கட்டிக்கோ, அவளாவது உனக்கு ஏத்த மாதிரி சுத்துவா."

காற்று வந்தது. ஷாக் வரவில்லை. கட்டு மட்டும் கோணல்மாணலாக, கொழுக்கட்டை மாதிரி இருந்தது. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் அதற்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள். பிரித்துச் சரியாகக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை விசிறியைப் போடும்போதும் கை துறுதுறுக்கும். நவம்பருக்குப் பிறகு அந்தத் துறுதுறுப்பு போய்விட்டது. ஒன்றுக்கும் உதவாத அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

உன் ஜூன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். ஒட்டும் பக்கம் என்றதும் தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கலாம். அதை என்ன செய்வது? அதைத் தொட்டால் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் அவள் கட்டியது போய்விடும்.

நேற்று மத்தியானம் அவள் வந்தபோது பிழிவதற்குத் திரை இல்லை. வெறுங்கையோடு நின்றாள். என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். திரை இல்லாததால் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

எழுந்து, விசிறியின் ஒயரைக் கட்டுக்கு இரண்டு பக்கமும் வெட்டினேன். டேப்பை நான் பிரிக்கவில்லை. பிரித்தால் என் விரல் படும், அல்லது நீளவாக்கில் கிழியும். கட்டை அப்படியே மெழுகுத்தாளில் வைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டிருக்கிறேன். உன் சார்ஜென்ட்டிடம் சொல்: வெளி முனை இடது பக்கம் இருக்கிறது, அங்கிருந்து பிரிக்கவேண்டும். உள்ளே ஒயரோடு ஒட்டிய சுற்று இரண்டு மடிப்பாக இருக்கும், அவள் ஒரு தடவை தப்பாகச் சுற்றிவிட்டு மேலேயே திரும்பச் சுற்றினாள். குளிரில் கொஞ்ச நேரம் வைத்தால் பசை விடும்.

அறை புழுக்கமாக இருக்கிறது.

நாத்தோ


இலோயிலோ
அக்டோபர் 19

அன்புள்ள மனோங்,

அம்மாவை டாக்டரிடம் காட்டினேன். மருந்து கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

டப்பா வந்தது. சார்ஜென்ட் முதலில் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, "யாரு இந்த ஆளு? இவனை வேலைக்குக் கேளு" என்றார். பிறகு அந்தக் கட்டைப் பார்த்தார். அப்புறம் கிண்டல் செய்யவில்லை. அரை நாள் ஐஸ் பெட்டியில் வைத்து, கம்பி முனையால் மெல்ல மெல்லப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்று தட்டு பிடித்தேன்.

ஊதாத் தண்ணீரில் போட்டு எடுத்து அலசினோம். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை, தூசிதான். இரண்டாவது சுற்றிலும் இல்லை. நீங்கள் சொன்னீர்களே அந்த இரட்டை மடிப்பு, அவள் தப்பாகச் சுற்றி மேலே அழுத்தின இடம், அங்கே வந்தது. கட்டைவிரல். முழுசாக. நடுவில் சுழி, வலது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. பப்பாளி நறுக்கும்போது வெட்டிக்கொண்டாளே, அன்று நான்தான் துணி கட்டிவிட்டேன். மனோங், அவ்வளவு பக்கத்தில் அக்காவை நான் பார்த்ததே இல்லை. தண்ணீருக்குள் இருந்து அவள் தட்டின் அடியில் விரல் வைத்தது போல இருந்தது.

அதற்குமேல் என்னை விடவில்லை. சொந்தக்காரர் ஒப்பிடக்கூடாது, அது விதி. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். சார்ஜென்ட் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, "போ, முக்குக் கடையில பாத்சோய் சாப்பிட்டுட்டு வா. எனக்கும் ஒரு கிண்ணம் வாங்கிட்டு வா, ஈரல் ஜாஸ்தியா போடச் சொல்லு" என்றார். வாங்கினேன். சாப்பிட முடியவில்லை. இரண்டு கிண்ணத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ஆய்வக வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். சூப் ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படர்ந்துவிட்டது.

வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் தலையில் முடி இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

"இந்தாய்," என்றார், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல, "இப்ப உங்க அம்மா வீட்டுலதானே இருப்பாங்க?"

இருப்பாள் என்றேன்.

"வா. நானும் கூட வர்றேன்."

அம்மா கதவைத் திறந்தாள். சார்ஜென்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கறுப்புத் துணியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த ஒரு வருஷம் அவள் அதைத் தொடவில்லை, உங்களுக்குத் தெரியும். வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

சான் ரோக்கேயில் அக்கா இருப்பது வடக்குச் சுவரோரம், ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில். இத்தனை நாள் பதினேழு என்று எழுதியிருந்தார்கள். இனிமேல் எழுத வேண்டியதில்லை.

இறந்தோர் திருநாளுக்கு முன்னால் வரும் படகில் வாருங்கள். உள்ளே வரைக்கும் வாருங்கள், மனோங். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

தோரா


லுபாக் தீவு
நவம்பர் 27

அன்பான இந்தாய் தோராவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கடல் அமைதி. அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தைப் படகுக்காரன் பாதி தின்றுவிட்டான். மீதி சுவையாக இருந்தது. அம்மா இப்போது தூங்குகிறாளா?

அவள் கல்லறையில் பெயரை என் கையாலேயே எழுத விட்டதற்கு அம்மாவுக்கும் உனக்கும் நன்றி. எழுதி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா மடியில் தலையை வைத்து எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. சுற்றிலும் மெழுகுவத்திகள், பக்கத்துக் கல்லறைக் குடும்பம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு தட்டில் சோறு நீட்டினார்கள். "எழுப்பாதீங்க, ரொம்ப நாளாத் தூங்காதவன்" என்று அம்மா யாரிடமோ சொன்னது கேட்டது. அன்று அழுததுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் மத்தியானத்தில் அவள் வரவில்லை. நான் தூங்குகிறேன். வெறும் தூக்கம், உள்ளே ஒன்றும் இல்லாமல். அதைப் பற்றி என்ன நினைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

நீ சிறைத்துறைக்கு விண்ணப்பம் போடவில்லை என்று அம்மா சொன்னாள். போர்டு பரீட்சை எழுதிவிட்டு சுமகைசாய் பிரிவுக்கே போவாயாமே. போ. குனிந்தே இரு.

அக்காவின் பெயர் கிடைத்ததும் ஊராட்சி மற்றவர்களை மார்ச் வரைக்கும் கலைக்காமல் விட்டிருக்கிறது என்று நீ அங்கே சொன்னாய். அதை நான் இங்கே யாரிடமும் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். இந்தத் தீவில் பதினொரு வீட்டில் ஆள் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைக்க நான் யார்? எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பியாதான் வந்தாள். நான் கறுப்புப் பட்டை கட்டியிருந்ததைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பிவிட்டாள். மூன்று நாள் மீன் வரவில்லை. நான்காம் நாள் வந்து வாசலில் நின்றாள்.

"அவ எங்க இருந்தா?"

"சுவரோரம். ஒரு மரம் இருக்கு பக்கத்துல."

"நெழலா?"

"சின்ன மரம். வளரும்."

கடலைப் பார்த்தாள். "அம்போவுக்கு வெயில் ஆகாது" என்றாள். போய்விட்டாள்.

இன்று காலை ஒரு மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிச் சிம்னியைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். உள்பக்கம் கரி படிந்திருக்கிறது. விளக்கைத் துடைப்பது எப்போதும் அவன் வேலையாம், அவளை விடமாட்டானாம், உடைத்துவிடுவாளாம். கரிக்குள் நான்கு விரல் தெரிகிறது. ஒரு வருஷமாக அவள் அந்த விளக்கை ஏற்றவில்லை. அந்தப் பொருளுக்கு என்ன செய்யவேண்டும் என்று உன் சார்ஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கும்.

இத்துடன் அதை அனுப்புகிறேன். சுற்றிலும் பஞ்சு வைத்து, உள்ளே எதுவும் படாமல், விளிம்பை மட்டும் பிடித்துத்தான் பொதிந்தேன். பியா இப்போதும் இங்கேதான் நிற்கிறாள். பெட்டி மூடுகிற வரைக்கும் போகமாட்டாளாம். "வேலை முடிஞ்சதும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுது" என்கிறாள். இது உடைந்தால் உடையட்டும், புதுசு ஒன்று நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"புதுசு யாருக்கு வேணும்? அது அம்போ விளக்கு. அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா, அங்க கொண்டுபோய் அதைத்தான் ஏத்துவேன். எழுது" என்கிறாள்.

ஆகவே, இந்தாய், திருப்பி அனுப்பு.

உன் மனோங்,
நாத்தோ